ஹோசியா பின்னிக் வண்டியில் உட்கார்ந்த நாள்

ஹேசல்ஃபோர்டு தெருவில் ஹோசியா பின்னிக் எதிரே வந்தால் யாருக்கும் முகம் மலராது. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம். அவருடைய கடையின் முன்பக்கத்தில் மேஜை, நாற்காலி, தொட்டில் எல்லாம் விற்பனைக்கு இருக்கும். பின்பக்கத்தில் சவப்பெட்டிகள் இருக்கும். ஊரில் யார் கண்ணை மூடினாலும் குளிப்பாட்டி, நல்ல உடுப்பு மாட்டி, கறுப்புக் குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்தான். ஆள் உயரம், ஒல்லி, நீண்ட முகம். அந்த முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வதும் தொழிலில் ஒரு பகுதி என்பதால் அடக்கி அடக்கி, கடைசியில் எந்தப் பக்கமாகச் சிரிப்பது என்பதே அந்த முகத்துக்கு மறந்துபோய்விட்டது.

ஒருமுறை காய்ச்சலென்று படுத்திருந்த ஒரு குடியானவர், ஜன்னலுக்கு வெளியே ஹோசியாவின் தொப்பி நகர்ந்து போவதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் மாடு கறந்தார். ஹோசியா போனது பக்கத்து வீட்டுக்கு ஒரு நாற்காலி கொடுக்க. முடிதிருத்தும் கடைக்குள் அவர் நுழைந்தால் அதுவரை கலகலவென்று இருந்த இடம் தேவாலயம் ஆகிவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். வருத்தமும் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, கவர்னர் தேர்தல் முடிந்த வாரத்தில், இதே ஹோசியாவைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குக் காரணம் அவருடைய மச்சான்.

ஹோசியா சேவல் கட்சி. எங்கள் இந்தியானா ஓட்டுச்சீட்டில் டெமாக்ரடிக் கட்சிக்குச் சேவல் சின்னம், ரிபப்ளிகன் கட்சிக்குக் கழுகு. எங்கள் பக்கத்தில் மனிதர்கள் பிறக்கும்போதே சேவலாகவோ கழுகாகவோ பிறந்துவிடுவார்கள். ஞானஸ்நானம் எல்லாம் அப்புறம்தான். ஹோசியாவின் மனைவி ட்ருசில்லா கழுகுக் குடும்பத்துப் பெண். அவளுடைய அண்ணன் எல்பர்ட் ஸ்டால்கப் மாவு மில் முதலாளி. எத்தனை பெரிய கூட்டத்திலும் எல்பர்ட் தனியாகத் தெரிவார், பாதி உடம்பினால், பாதி குரலினால்.

கவர்னர் தேர்தலில் யாருடைய கட்சி தோற்கிறதோ அவர் ஜெயித்தவரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஆற்றங்கரை ரயிலடியிலிருந்து மேட்டின்மேல் இருக்கும் கோர்ட்டுக் கட்டடம் வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். இதுதான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பந்தயம். அந்த நாளில் இந்த மாதிரிப் பைத்தியக்காரத்தனம் எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. பக்கத்து ஊரில் ஒருவர் மூக்கினாலேயே ஒரு வேர்க்கடலையைத் தெருக்கோடி வரை உருட்டினார். இன்னொருவர் பாதி மீசையை மழித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வரை அப்படியே நடமாடினார். ஜனாதிபதி யார் என்பது வாஷிங்டன்காரர்களின் கவலை. கவர்னர் விஷயத்தில்தான் எங்களுக்கு மானம் போகும், வரும்.

மூன்று தேர்தலாகச் சேவல் தோற்றுக்கொண்டே இருந்தது. மூன்று முறையும் ஹோசியாதான் தள்ளினார். முதல் தடவை எல்பர்ட் ஓரளவு தள்ளக்கூடிய மனிதராகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு மில்லும் பெருத்தது, முதலாளியும் பெருத்தார். மூன்றாம் தடவை வண்டியின் கைப்பிடி ஒன்று நடுவழியில் முறிந்து, சவப்பெட்டிக் கைப்பிடியை வைத்து ஒட்டுப்போட்டுத்தான் மேடு ஏற முடிந்தது. எல்பர்ட் மேலே பட்டுத் தொப்பி வைத்துக்கொண்டு, வாயில் சுருட்டோடு, இரண்டு பக்கமும் ஆப்பிள் வீசிக்கொண்டு போவார். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி ராஜா மாதிரிக் கையசைப்பார். முன்னால் ஊர் பாண்டு வாத்தியம். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பின்னால் தள்ளிக்கொண்டு போகிற ஹோசியாவுக்கு எல்பர்ட்டின் முதுகும் ஜனங்களின் சத்தமும்தான் தெரியும். முதல் வருஷம் அவமானமாக இருந்தது. இரண்டாம் வருஷம் கோபமாக இருந்தது. மூன்றாம் வருஷம் அவரைப் பிடித்துக்கொண்டது பொறாமை. ஒரு மனிதன் தெருவில் வருவதைப் பார்த்து ஒரு ஊரே சந்தோஷப்படுகிறதே என்ற பொறாமை. தனக்கும் ஒரே ஒரு தடவை அது வேண்டும். வண்டியில் உட்கார்ந்து இந்தத் தெரு வழியாகப் போகவேண்டும், தன்னைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கவேண்டும், கைதட்டவேண்டும். சாவதற்குள் அது நடக்கவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாவு விஷயத்தில் அவருக்குப் பிரமை எதுவும் கிடையாது.

நாலாவது தேர்தலில் காற்று கொஞ்சம் திரும்பியது. சேவல் கட்சியில் மெட்லாக் என்ற நீதிபதி நின்றார். கழுகுக் கட்சியின் கர்னல் டன்வுடி, மதுவிலக்கு விஷயத்தில் ஒரு மாவட்டத்தில் ஒன்றும் அடுத்த மாவட்டத்தில் வேறொன்றுமாகப் பேசி மாட்டிக்கொண்டிருந்தார். அக்டோபரில் மெட்லாக்கின் பிரசார ரயில் எங்கள் ஊரில் நின்றது. கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றபடி அவர் பேசினார். பேசி முடித்ததும் கட்சிக்காரர்கள் வரிசையாகப் போய்க் கைகுலுக்கினார்கள். ஹோசியாவின் முறை வந்தது. கையைப் பிடித்ததும் பழக்கதோஷம் தலைதூக்கிவிட்டது. நீதிபதியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"மனசைத் தளர விட்டுடாதீங்க. நாங்கல்லாம் கூட இருக்கோம்."

மெட்லாக்கின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்திலிருந்த செயலாளரிடம், "இந்த மாவட்டத்துல நம்ம நிலைமை அவ்வளவு மோசமாய்யா?" என்று கேட்டதாகப் பேச்சு. ரயில் கிளம்பிய பிறகும் அவர் ஹோசியாவையே பார்த்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ட்ருசில்லா கோழிக்குத் தீனி போடப் பின்கட்டுக்குப் போனபோது, கணவர் காலித் தள்ளுவண்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை தொப்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்றது கோழிகள் மட்டும்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. உக்காந்தா முதுகு வலிக்குதான்னு பாத்தேன்."

"வலிக்குதா?"

"கொஞ்சம். ஒரு மெத்தை தெச்சுக் குடேன்."

"எங்கண்ணன் தள்ள நீங்க உக்காந்து போறதுக்கு நான் மெத்தை தெக்கணுமாக்கும். எங்கப்பா இருந்தா என்னை வீட்டை விட்டே தள்ளி வெச்சிருப்பாரு." வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ஓட்டைப் பொம்பளைங்க எங்க கையில குடுத்திருந்தா ரெண்டு பேரையும் வீட்டுல உக்காருங்கன்னு சொல்லிட்டு, காரியத்தை நாங்களே முடிச்சிருப்போம். தெருவெல்லாம் இந்தக் கூத்தே இருக்காது."

சொன்னாளே தவிர, இரண்டு நாள் கழித்து வண்டிக்குள் ஒரு மெத்தை இருந்தது. நீலத் துணி. ஹோசியா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயம்.

தேர்தல் நாளன்று தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் ஓட்டுப்பதிவு. எங்கள் பக்கத்தில் பேனா பென்சில் கிடையாது. ரப்பர் முத்திரையை மையில் தொட்டு, சேவல் மேலோ கழுகு மேலோ குத்தவேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மை காயும் முன்னே சீட்டை மடித்தால் சேவலின் மேல் குத்தியது கழுகின் மேலும் பதிந்துவிடும். எண்ணுகிறவர்கள் செல்லாத ஓட்டு என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். போன தேர்தலில் தன் ஓட்டு அப்படித்தான் போயிருக்கும் என்று ஹோசியாவுக்குச் சந்தேகம். அதனால் இந்தத் தடவை மறைப்புக்குள் போனவர் முத்திரையைக் குத்திவிட்டு ஊதினார். விசிறினார். திரும்பவும் ஊதினார். வெளியே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

"ஹோசியா அண்ணே," என்று தேர்தல் அதிகாரி மறைப்புத் துணியைத் தட்டினார், "ஓட்டுப் போடுறீங்களா, ஜெபம் பண்றீங்களா?"

வரிசையில் நின்ற எல்பர்ட்டின் குரல் கேட்டது: "அவனை விடுங்கய்யா. செத்த கட்சிக்கு மூச்சு ஊதிப் பாக்குறான்."

கொட்டகையே சிரித்தது. ஹோசியா வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

"கால்ல நல்ல செருப்பா போட்டுட்டு வா மச்சான். மேடு கொஞ்சம் செங்குத்து."

"செருப்பைப் பத்தி நீ கவலைப்படு மாப்ளே. நடக்கப்போறது நீதான்."

மறுநாள் காலையிலிருந்து ஊர் முழுக்க ரயிலடியில்தான். தந்தி ஆபீஸ் சுவரில் கரும்பலகை. ஒவ்வொரு மாவட்டமாகத் தந்தி வர வர, தந்திக்காரர் கெசிங்கர் சாக்கட்டியால் எழுதினார். காலையில் கழுகு முன்னால். பத்து மணிக்குச் சேவல். மறுபடி கழுகு. எல்பர்ட் பட்டுத் தொப்பியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். அப்புறம் வடக்கே ஏரிக்கரைத் தொழிற்சாலை ஊர்களின் கணக்கு வந்தது. கெசிங்கர் எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். மத்தியானம் தாண்டிக் கடைசித் தந்தி வந்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மெட்லாக்தான். சேவல் கூவிடுச்சு."

சேவல்காரர்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். ஹோசியா எறியவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஊர்வலம். ஹோசியாவுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல கோட்டு, அது கறுப்பு. ஒரே ஒரு நல்ல தொப்பி, அதுவும் கறுப்பு. சட்டைப் பையில் சேவல் இறகு ஒன்றைச் சொருகிக்கொண்டார். அதுவும் கறுப்பாகப் போனது கோழியின் குற்றம். ரயிலடியில் வண்டிக்குள் நீல மெத்தையின் மேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கை வைக்க வேறு இடம் இல்லாததால் இரண்டையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டார். எல்பர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினார். வண்டி மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. எல்பர்ட்டால் அவ்வளவுதான் முடிந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் நல்ல கூட்டம். ஹோசியா இடப்பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கினார்.

இடப்பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஹேசல்ஃபோர்டில் ஹோசியா பின்னிக் கறுப்புக் கோட்டோடு இந்தத் தெருவில் மெதுவாகப் போனால் தொப்பி தானாகக் கழன்றுவிடும். கைக்கு வந்த பழக்கம் அது. போதாததற்கு மனிதர் வேறு கையைக் கோத்துக்கொண்டு படுத்தமாதிரி இருந்தார். வலப்பக்கமும் தொப்பிகள் இறங்கின. பேச்சு அடங்கியது. ஒரு கிழவர் தலை குனிந்துகொண்டார். முன்னால் உற்சாகமாக வாசித்துக்கொண்டு போன பாண்டுக்காரர்கள் பின்னால் இருந்த அமைதியைக் கேட்டுக் குழம்பி, வேகத்தைக் குறைத்து, குறைத்து, கடைசியில் வழக்கமாக அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வாசிக்கும் நடைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

ஹோசியா தொப்பியை ஆட்டிப் பார்த்தார். கொண்டுவந்திருந்த ஆப்பிளில் ஒன்றை வீசிப் பார்த்தார். அது ஒருவரின் காலடியில் விழுந்தது. அவர் அதைப் பொறுக்கி, மரியாதையாகத் திரும்பக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"சிரிங்கய்யா," என்றார் ஹோசியா தாழ்ந்த குரலில். "நான் ஜெயிச்சுட்டேன்யா."

அதைக் கேட்ட இரண்டு பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவருக்கு அழுகையே வந்தது. வண்டியிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. எல்பர்ட்டின் மூச்சு. ஹோசியா திரும்பிப் பார்த்தார். மேடு பாதி ஏறியிருந்தது. எல்பர்ட்டின் முகம் சிவந்து, சிவப்பு தாண்டி, உதட்டோரம் நீலம் தட்டத் தொடங்கியிருந்தது. வாயில் கேலி இல்லை, சுருட்டு இல்லை. கைப்பிடியை மட்டும் விடவில்லை. பந்தயத்தில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதில் ஸ்டால்கப் குடும்பத்துக்காரர்கள் அப்படித்தான். அந்த நீலத்தை ஹோசியாவுக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் வந்து சேர்கிறவர்கள் அந்த நிறத்தில்தான் வருவார்கள்.

"நிறுத்து மச்சான்."

"முடியாது... கோர்ட்டு... வரைக்கும்னு... பேச்சு."

"நிறுத்துன்னா நிறுத்து." ஹோசியா வண்டியிலிருந்து கீழே இறங்கினார். மெத்தையைத் தட்டிச் சரிசெய்தார். "ஏறு."

"என்னாது?"

"ஏறி உக்காருங்குறேன். உன் அளவுக்குப் பெட்டி செய்ய என்கிட்ட பலகை கிடையாது. ரெண்டு பெட்டியை ஒண்ணாச் சேக்கணும். அப்புறம் எட்டுப் பேரு தூக்கணும். இந்த ஊருல உன்னைப் பிடிச்சவங்க எட்டுப் பேரு எங்க இருக்காங்க?"

முதல் சிரிப்பு மளிகைக் கடை வாசலில் கேட்டது. எல்பர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. அப்படியே பின்பக்கமாக மெத்தையில் சரிந்தார். வண்டி முனகியது. ஹோசியா கோட்டைக் கழற்றி மச்சானின் மடியில் போட்டுவிட்டு, குனிந்து, கைப்பிடியைத் தூக்கி, நீண்ட முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல், ஏதோ பெரிய மனிதரின் அடக்கத்துக்குப் போகிறவர் மாதிரி ஒரு அடி எடுத்து வைத்தார்.

தெரு வெடித்தது. கழற்றிய தொப்பிகளெல்லாம் ஆகாயத்துக்குப் போயின. தலை குனிந்திருந்த கிழவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கைக்குட்டை எடுத்த பெண்கள் அதே கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பாண்டுக்காரர்களுக்கு உயிர் வந்தது. ட்ருசில்லா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவள், தபால் ஆபீஸ் படிக்கட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை எல்பர்ட் கையசைக்கவுமில்லை, ஆப்பிள் வீசவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூட்டையாகக் கிடந்தார். ஆனாலும் சிரிப்பு குறையவில்லை. "ஹோசியா, ஹோசியா" என்று இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. போன தடவைகளிலும் அதே பெயரைத்தான் கத்தியிருப்பார்கள்போல. அப்போது மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனவர் காதில் அது விழவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் எல்பர்ட் ஒரு கண்ணைத் திறந்தார். உதட்டின் நீலம் குறைந்திருந்தது.

"மாப்ளே."

"பேசாத. மூச்சை விடு."

"அவங்க என்னைப் பாத்தா சிரிக்கிறாங்கன்னு நெனச்சே இத்தனை நாளா? என்னை யாருடா பாத்தா. உன் மூஞ்சியைப் பாக்கத்தானே பத்து மைல் வண்டி கட்டிட்டு வர்றாங்க. நான் அதுக்குப் பாரம்."

 ஹோசியாவின் நீண்ட முகத்தின் இடது ஓரத்தில் ஏதோ இழுத்தது. அவருக்கே அது என்னவென்று தெரியாமல், பல்வலியோ என்று நினைத்தார். அப்புறம் அது வலது பக்கத்துக்கும் பரவியது.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்," என்றார் எல்பர்ட். "குலுக்குது."

"வாயை மூடிட்டு உக்காரு மச்சான். ஜெயிச்சவன் நான். எவ்வளவு வேகமாத் தள்ளணும்னு நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு ஹோசியா ஓடத் தொடங்கினார்.